சோதனைச் சாவடிக்கு ஏற்ற குடல்

டொக்டர் இஸ்ஸதீன் சொன்ன செய்தியில் இரண்டு பகுதி இருந்தது. முதலாவது, தில்லைநாதனுக்கு மலக்குடலில் புற்றுநோய். இரண்டாவது, அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு மிச்சக் குடலை ஸ்டேப்ளர் அடித்துப் பொருத்தலாம். முதலாவதைத் தில்லைநாதன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இரண்டாவதைக் கேட்டபோதுதான் அவருடைய முகம் வெளுத்தது.

"ஸ்டேப்ளரோ?"

"ஓம் ஐயா. கையால தைக்கிறதுக்குப் பதிலா. அவ்வளவு கீழ கை போகாது, அதுதான். இது உள்ளுக்குப் போய் வட்டமா ஒரே அடி. பின் எல்லாம் கண்ணிமை மயிரளவு."

"பின் எண்டா, கம்பியோ?"

"டைட்டேனியம்."

தில்லைநாதன் கதிரை நுனிக்கு வந்தார்.

"அது கத்துமோ, டொக்டர்?"

"என்ன கத்துறது?"

"மெஷின். செக் பொயின்ற்றில."

டொக்டர் இஸ்ஸதீன் வெளிநாட்டில் நாலு வருடம் இருந்து துளைபோட்டுச் செய்யும் சத்திரசிகிச்சை படித்துவிட்டு வந்தவர். நோயாளிகள் கேட்கக்கூடிய கேள்விகள் எல்லாவற்றையும் அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். உயிருக்கு ஆபத்தா, எத்தனை நாள் வார்ட்டில், திரும்ப வருமா. இந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. அவர் பேனையை மேசையில் வைத்தார்.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, சண்டை நடந்த காலம். தில்லைநாதனுக்கு வீடு வெள்ளவத்தையில், கடை கொட்டாஞ்சேனையில். கடை என்றால் ஒரு கொம்யூனிகேஷன். இரண்டு ரெலிபோன் பெட்டி, ஒரு ஃபோட்டோகொப்பி மெஷின், லண்டனுக்கும் கனடாவுக்கும் அழுவதற்கு ஒரு முக்காலி. கடைக்குப் போக இரண்டு பஸ். வழியில் எங்கே நிறுத்துவார்கள் என்பது அன்றன்றைக்கு நாட்டு நிலைமையைப் பொறுத்தது. இவ்வளவு வருடப் பழக்கத்தில் மனிதனுடைய உடம்பைப் பற்றி அவருக்கு ஒரு தெளிவு வந்திருந்தது. தலையால் பிரச்சினை இல்லை, ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருக்கிற முகத்தோடு ஒத்துப்போனால் போதும். காலை ஒருத்தரும் பார்ப்பதில்லை. நாட்டின் பாதுகாப்பு முழுவதும் தொப்புளுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்தது. ஆமிக்காரனின் கை முதலில் அங்கேதான் போகும். அங்கே எதையாவது கட்டிக்கொண்டு வந்தவர்களால் ஊரில் என்னென்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே தில்லைநாதன் பத்து வருடமாக வயிற்றில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. பேர்ஸ் பின் பொக்கற்றில். சேட்டு எப்போதும் காற்சட்டைக்குள்ளே, தொந்தி ஒளிவு மறைவில்லாமல் வெளியே.

இதற்கு முன் பார்த்த பெரிய டொக்டர் கட்டியோடு ஆசனவாயையும் எடுத்து அடைத்துவிட்டு, வயிற்றில் ஓட்டை வைத்து, அதில் ஒரு பை ஒட்டவேண்டும் என்றார். ஆயுளுக்கும் பை. எந்த இடத்தில் என்று தில்லைநாதன் கேட்டார். டொக்டர் தொட்டுக் காட்டினார். ஆமிக்காரன் கை வைக்கிற அதே இடம். அன்றைக்கு அங்கிருந்து ஓடித்தான் இஸ்ஸதீனிடம் வந்து சேர்ந்தார். இஸ்ஸதீனோ வயிற்றுக்குள் உலோகம் வைக்கிறேன் என்கிறார்.

"எயார்போட்டில கூட இது சத்தம் போடுறதில்ல ஐயா," என்றார் டொக்டர்.

"எயார்போட் வேற, டொக்டர். அங்க சத்தம் போட்டா என்னெண்டு கேட்பினம்."

டொக்டர் மடிக்கணினியைத் திருப்பி ஒரு படம் காட்டினார். இளஞ்சிவப்பாக ஏதோ மினுங்கியது. அதற்குள் நீண்ட இரண்டு இடுக்கிகள் மெதுவாக வேலை செய்தன. "வயித்தப் பெரிசா வெட்டுறதில்ல. நாலஞ்சு துளைதான். உள்ள கமரா போகும், நாங்க ரீவியைப் பார்த்துச் செய்றது. இனி ரோபோவும் வருது. அமெரிக்காவில வந்தாச்சு. டொக்டர் ஒரு நாட்டில இருந்துகொண்டு இன்னொரு நாட்டில இருக்கிற ஆளுக்கு ஒப்பரேஷன் செஞ்சும் பார்த்திருக்கிறாங்க. லைன்ல."

தில்லைநாதன் முதல் தடவையாக அக்கறையோடு நிமிர்ந்தார். அது அவருடைய துறை.

"லைன் கட்டாகினா?"

"கட்டாகாது."

"லண்டன் லைனைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லாதேங்கோ, டொக்டர்."

டொக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, நேராகவே சொன்னார். "ஐயா, கட்டி இப்ப இருக்கிற இடத்தில இருந்தா என்னால பொருத்த ஏலும். இன்னும் கொஞ்சம் கீழ இறங்கினா பை மட்டும்தான். அதுக்கும் பிந்தினா பையும் இல்ல. விளங்குதா?"

"விளங்குது. யோசிச்சுச் சொல்லுறன்," என்றார் தில்லைநாதன்.

அவர் யோசித்தார். ஒரு கிழமை யோசித்தார், இன்னொரு கிழமையும் யோசித்தார். காலையில் மலத்தோடு இரத்தம் போனது. பிறகு பஸ் ஏறிக் கடைக்குப் போனார். கடையில் ஃபோட்டோகொப்பிகளைச் சேர்த்து அடிக்கும் ஸ்டேப்ளர் மூன்றாவது தாளிலேயே சிக்கியது. அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். செக் பொயின்ற்றில் கைக்கு அடக்கமான அந்தக் கறுப்பு மெஷின் உடம்பின் மேல் இறங்கும்போது, இன்னும் உள்ளே வராத கம்பிகளுக்காக அவருக்கு வியர்த்தது. ஒருநாள் சேட்டுப் பொக்கற்றில் கிடந்த சாவிக்கு அது கீச்சிட்டது. "யத்துர," என்று சாவியைத் தூக்கிக் காட்டினார். ஆமிக்காரன் தலையாட்டிவிட்டான். சாவியை எடுத்துக் காட்டலாம். குடலை எப்படிக் காட்டுவது?

இந்த விஷயம் தெரிந்தது அவருடைய மனைவி அருந்ததிக்கு மட்டும். எங்கடை சனம் வருத்தத்தை ஊருக்குச் சொல்வது இரண்டு சந்தர்ப்பத்தில். ஒன்று சுகமான பிறகு, மற்றது செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கார்ட்டில். மேல் மாடி இரத்தினம்மா, "என்ன, தம்பி மெலிஞ்சு போனார்?" என்று படியில் மறித்துக் கேட்டபோது, அருந்ததி கண் வெட்டாமல், "சீனியைக் குறைச்சவர்," என்றாள். அருந்ததி வீட்டில் கணக்கு ரியூஷன் கொடுப்பவள். அவளிடம் பொய்கூடச் சுருக்கி வகுத்த விடையாகத்தான் வரும்.

மூன்றாவது கிழமை தொடக்கத்தில் அவள் புருஷனுக்குச் சொல்லாமல் டொக்டர் இஸ்ஸதீனைப் போய்ப் பார்த்தாள்.

"எனக்கு அந்தப் பின்னில கொஞ்சம் வேணும், டொக்டர்."

"எதுக்கு?"

"செக் பண்ண."

டொக்டர் அவளைப் பார்த்தார். அவள் கணக்கு ரீச்சர் மாதிரியே பதிலுக்குப் பார்த்தாள். அவர் அலுமாரியைத் திறந்து, கொம்பனிக்காரன் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்த பின்களைச் சிறுநீர்ச் சோதனைக்குக் கொடுக்கும் சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு மூடிக் கொடுத்தார்.

"மிஸ்ஸிஸ் தில்லைநாதன், இதை நான் தந்தேன் எண்டு ஒருத்தருக்கும் சொல்ல வாணாம்."

"நாங்கள் ஒண்டுமே ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை, டொக்டர்," என்றாள் அருந்ததி.

அன்று பின்னேரம் தில்லைநாதன் வீட்டுக்கு வந்தபோது அந்தப் போத்தல் சாப்பாட்டு மேசையில், உப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

"இதென்ன?"

"உங்கட பின். இது கத்தாது."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"பாலத்தடிச் செக் பொயின்ற்றால ரண்டு தரம் போய் வந்தனான். வலப்பக்க இடுப்பில சொருகிக்கொண்டு."

தில்லைநாதன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார். பிறகுதான் குரல் வந்தது. "உமக்கென்ன விசரோ? பிடிச்சிருந்தாங்கள் எண்டா?"

"பிடிச்சா என்ன சொல்லுறது? என்ர மனுசன்ர குடலுக்குப் போடுற பின் எண்டு சொல்லியிருப்பன். உண்மைதானே."

"மெஷின் சத்தமே போடேல்லையோ?"

"போட்டது."

"பாத்தீரோ!"

"தாலிக்குப் போட்டது. பிறகு தோளில குத்தின ஊசிக்குப் போட்டது. அந்த ஆமிப் பிள்ளை சிரிச்சுப்போட்டு, 'ஏ தாலிய நே அம்மே' எண்டு மெஷினைக் கீழ இறக்கினவள். போத்தல் இருந்த இடத்தில ஒரு சத்தமும் இல்லை. ரண்டாம் தரமும் இல்லை." அவள் சோற்றைப் போட்டாள். "எனக்கு இவ்வளவு வருசமா அது கத்துது. ஒவ்வொரு நாளும் கத்துது. நீங்கள் ஆம்பிளையள்தான் அது கத்தினா உலகம் முடிஞ்சுபோம் எண்டு நினைச்சுக்கொண்டு திரியிறியள்."

தில்லைநாதனுக்கு இது புதிய தகவல். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இவள் பெண்கள் வரிசையில் போய்வருகிறாள். அங்கே என்ன நடக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த நாள் இருவரும் டொக்டரிடம் போனார்கள். தில்லைநாதன் சம்மதம் என்றார். டொக்டருக்குச் சந்தோஷம். சந்தோஷத்தில், சொல்லவேண்டிய மிச்சத்தையும் சொன்னார்.

"ஒரு விஷயம் இருக்கு. பொருத்தின இடம் ஆறுற வரைக்கும் அதால ஒண்டும் போகக்கூடாது. அதுக்காக மேல் குடலை வெளிய எடுத்து ஒரு பை போடுவேன். தற்காலிகம்தான். மூணு மாசம் போல. பிறகு மூடிடலாம்."

தில்லைநாதன் எழுந்தார்.

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம்."

"அவங்கள் ரண்டு பக்கமும் தடவுறவங்கள், டொக்டர்," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார்.

"இருங்கோ," என்றாள் அருந்ததி.

"இல்லையப்பா, இது சரிவராது. கம்பி எண்டியள், சரி எண்டனான். இப்ப பையுமாம். ரண்டையும் சேர்த்துக்கொண்டு நான் எப்பிடி..."

"இருங்கோப்பா."

அவர் இருக்கவில்லை. வாசல் வரைக்கும் போய்விட்டார். அருந்ததி எழுந்து போகவில்லை. டொக்டரின் மேசையைப் பார்த்துக்கொண்டு, ரியூஷன் பிள்ளைக்கு விடையைத் திருத்துகிற அதே குரலில் சொன்னாள்:

"அந்த மெஷின் எனக்குக் கத்தவேணும். ஒவ்வொரு நாளும் கத்தவேணும். கத்தாமல் விடுற நாள் வரக்கூடாது."

டொக்டர் இஸ்ஸதீன் தன்னுடைய பேனையைக் கவனமாக ஆராய்ந்தார். தில்லைநாதன் வாசலில் நின்று அதை இரண்டு தரம் மனதுக்குள் வாசித்தார். தாலி இருந்தால் மெஷின் கத்தும். தாலி எப்போது இருக்காது என்று யோசித்தார். பிறகு வந்து கதிரையில் இருந்து, குடையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

"எப்ப வார்ட்டுக்கு வரவேணும், டொக்டர்?"

ஊருக்கு, தில்லைநாதன் சிதம்பரம் போய்விட்டார். நேர்த்திக்கடன் என்று அருந்ததி இரத்தினம்மாவிடம் சொன்னாள். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு, பெரிய நேர்த்தி என்றாள். காலையில் அவளே கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கடையைத் திறந்தாள். ஸ்டேப்ளரைக் கழற்றிப் பூட்டியதும் அது சிக்காமல் அடித்தது. இதைத் தில்லைநாதனுக்கு அவள் சொல்லவில்லை.

ஒப்பரேஷன் ஒரு பகல் பொழுதில் முடிந்தது. மயக்கம் தெளிந்து, இரண்டு நாள் கழித்துத் துணிந்து வயிற்றைப் பார்த்தபோது தில்லைநாதனுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. சின்னச் சின்னதாகச் சில துளைகள், அடிவயிற்றில் விரல் நீளத்தில் ஒரு கீறல், வலப்பக்கத்தில் பை. இவ்வளவு பெரிய வருத்தத்துக்கு இவ்வளவுதானா காயம்? டொக்டர் வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

"இது என்ரயோ?"

"ஒங்கடதான்."

"வடிவா இருக்கு," என்றார் தில்லைநாதன், உண்மையான ஆச்சரியத்தோடு. அவருடைய உடம்பின் எந்தப் பகுதியைப் பற்றியும் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை, அவர் உட்பட.

பிறகு வீட்டில் சிதம்பர வாசம் தொடங்கியது. யன்னல் திரை இழுத்தபடி. தும்மல் வந்தால் தலையணைக்குள். பை சிலவேளை தன்பாட்டுக்கு ஒரு சத்தம் போடும். அப்போதெல்லாம் அருந்ததி வானொலியைக் கூட்டி வைப்பாள். ரியூஷன் பிள்ளைகள் அறைக்குள் யார் என்று கேட்டால், பூனை. பையை மாற்ற அவர் பழகிக்கொண்டார். முதல் நாள் அழுதார், பிறகு அழவில்லை. கண்ணாடிக்கு முன் நின்று சிங்களத்தில் ஒரு வசனத்தை மனப்பாடம் செய்தார்: இது வைத்தியப் பை, எனக்குச் சத்திரசிகிச்சை நடந்தது, தயவுசெய்து பயப்படவேண்டாம். டொக்டரின் கடிதமும் சேட்டுப் பொக்கற்றில் தயாராக இருந்தது. வெளியே போகிற எண்ணம் மட்டும்தான் இல்லை.

ஆனால் பையை மூடுவதற்கு முன், பொருத்திய இடம் ஆறிவிட்டதா என்று மருந்து ஏற்றிப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும். அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். தெரிந்த ஓட்டோக்காரன் கிளறன்ஸை வாசலோடு வரச்சொல்லி ஒழுங்கு செய்திருந்தார்கள். அன்று காலை யாரோ பெரியவர் போகிறார் என்று ரோட்டை மூடிவிட்டார்கள். கிளறன்ஸ் அந்தப் பக்கத்தில், இவர்கள் இந்தப் பக்கத்தில். படம் எடுக்கிற நேரம் தப்பினால் பை இன்னும் ஒரு மாதம் கூட இருக்கும்.

"நடவுங்கோ, மற்ற ரோட்டால பஸ்ஸில போவம்," என்றாள் அருந்ததி.

கிருலப்பனைப் பக்கம் திரும்பும் சந்தியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கவேண்டும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. தில்லைநாதன் சேட்டை வெளியே விட்டபடி நின்றார். பத்து வருடத்தில் முதல் தடவை. கையில் ஐசி ஈரமாகியது.

"இதென்ன கூத்து!" என்று பெண்கள் வரிசையில் ஒரு குரல். மேல் மாடி இரத்தினம்மா, மரக்கறிப் பையோடு. "தம்பி, நீங்கள் சிதம்பரத்தில நிக்கிறியள் எண்டெல்லோ அருந்ததி சொன்னவ?"

அருந்ததி இரத்தினம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"அத்த உஸ்ஸன்ன," என்றான் ஆமிக்காரன். தில்லைநாதன் கைகளை உயர்த்தினார்.

இளம் பொடியன். மீசை சரியாக வரவில்லை. கை வழக்கம்போல இடுப்புக்குப் போனது. இடப்பக்கம். பிறகு வலப்பக்கம். அங்கே நின்றது.

பின்னால் நின்றவர் ஒரு அடி பின்வாங்கினார். அவருக்குப் பின்னால் நின்றவர் இரண்டு அடி. மனப்பாடம் செய்த வசனம் முழுவதும் தில்லைநாதனை விட்டுப் போய்விட்டது. கடிதம் எந்தப் பொக்கற்றில் என்பதும் போய்விட்டது. கையைக் கீழே இறக்கி எடுக்கவும் கூடாது என்று அவருக்குத் தெரியும். "ஒப்பரேஷன்," என்றார். அதுவும் சத்தமாக வரவில்லை.

பொடியன் கத்தவில்லை. துவக்கையும் தொடவில்லை. உள்ளங்கையை விரித்து, சேட்டுக்கு மேலால் மிக மெதுவாக இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தான். சூடாக, மெத்தென்று இருக்கிற ஒன்றை ஏற்கெனவே தெரிந்த கை அது.

"பேக் எகக்த, அங்கிள்?"

பைதானே என்று கேட்கிறான். தில்லைநாதன் தலையாட்டினார். பொடியன் அங்குமிங்கும் பார்த்தான். பிறகு தன்னுடைய இடப்பக்கச் சேட்டை பெல்ற்றிலிருந்து இழுத்து, ஒரு கணம் தூக்கிக் காட்டினான். தொப்புளுக்குப் பக்கத்தில், இழுத்துக் கட்டிய சாக்கு வாய்போலச் சுருங்கிய ஒரு தழும்பு. நடுவால் நீளத்துக்கு இன்னொன்று.

"மட்டத் திபுணா," என்றான். எனக்கும் இருந்தது.

எப்படி வந்தது என்று அவன் சொல்லவில்லை. தில்லைநாதன் கேட்கவில்லை. எந்தத் திசையிலிருந்து, யாருடைய துவக்கிலிருந்து என்பது இருவருக்கும் தெரிந்த விஷயம். அதைக் கதைக்க அந்தச் சந்தி தோதான இடமும் இல்லை.

"கவதாத வஹன்னே?" எப்போது மூடுவார்கள் என்று கேட்டான்.

"இந்த மாசம். இண்டைக்குப் படம்," என்றார் தில்லைநாதன், பாதி சிங்களம் பாதி கைச்சைகையில். பிறகு, ஏன் என்று தெரியாமலே, உயர்த்திய கையின் விரல்களால் ஸ்டேப்ளர் அடித்துக் காட்டினார். "மெஷின். கையால தைக்கேல்லை. மெஷின்."

பொடியனின் கண் விரிந்தது. அவனுக்குக் கையால் தைத்திருந்தார்கள். மெஷின் நல்லதா என்று கேட்டான். வடிவு என்றார் தில்லைநாதன். அவன் தன்னுடைய கறுப்பு மெஷினை எடுத்து முறைக்கு ஒருதரம் மேலிருந்து கீழே ஓட்டினான். டைட்டேனியம் இருந்த இடத்தில் அது வாயே திறக்கவில்லை. அருந்ததி சொன்னது சரி.

"யன்ன, அங்கிள்." போகச் சொல்லிவிட்டு, இரண்டு அடி வைத்ததும் திரும்பக் கூப்பிட்டான். பின்னால் நின்றவர்கள் மறுபடியும் பின்வாங்கினார்கள். பொடியன் கிட்ட வந்து இரகசியமாகச் சொன்னான்: "கொஸ் கன்ன எப்பா."

பெண்கள் வரிசையில் மெஷின் கீச்சிட்டது. தில்லைநாதன் திரும்பிப் பார்த்தார். ஆமிப் பிள்ளை கறுப்பு மெஷினை அருந்ததியின் கழுத்தடியில் பிடித்திருந்தாள். அது கத்திக்கொண்டே இருந்தது. அருந்ததி அசையாமல், கையை விரித்துக்கொண்டு, இவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளை போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"ஒப்பரேஷனாம்!" என்று இரத்தினம்மா வரிசைக்கு அறிவித்துக்கொண்டிருந்தாள். "சிதம்பரமுமில்லை ஒண்டுமில்லை! ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் ரசம் வச்சுத் தந்திருக்க மாட்டனே?"

அருந்ததி ஓடிவந்து அவருடைய சேட்டின் கீழ் மடிப்பை இழுத்து நேராக்கினாள்.

"என்னவாம்? ஏன் திரும்பக் கூப்பிட்டவன்?"

"பலாக்காய் சாப்பிடக் கூடாதாம்."

அருந்ததி ஆமிக்காரனைப் பார்த்தாள். அவன் அடுத்த ஆளின் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"டொக்டர் எங்களுக்கு இதைச் சொல்லேல்லையே," என்றாள்.